காதுக்குப் பின்னால் ஒரு புண்

செண்பகத்தின் இடது காதுக்குப் பின்னால் ஒரு புண் இருந்தது. அது ஆறவும் கூடாது, அழுகவும் கூடாது. ஆறாமல் பார்த்துக்கொள்வது பாகன் ஹமீதின் வேலை. அழுகாமல் பார்த்துக்கொள்வது அவர் மனைவி சைதூனின் வேலை. சைதூன் யானைக்குக் களி கிண்டியதையும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்ததையும் ஊர் பார்த்தது. இந்த வேலையை யாரும் அவ்வளவாகப் பார்க்கவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் பஸ் நிற்கும் இடத்தில் காலையில் ஆப்பம் சுட்டு விற்கும் பாயம்மாதான் சைதூன். நான் ஊரைவிட்டுப் போனபோது அவர் யானைக்காரர் வீட்டம்மா. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி வேலை என்று அஸ்ஸாமுக்குப் போய், அங்கிருந்து வேறு இடங்களுக்கும் போய், ஓரிடத்திலும் தரிக்காமல் ஐம்பத்தெட்டில் நான் திரும்பி வந்தபோது யானை இல்லை, ஆப்பக் கடை இருந்தது. என் அப்பா தாவீது வாத்தியார் பள்ளிக்கூடம் புறப்பட்டதும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அந்த அடுப்புக்கு எதிரில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கே அவர் விட்டு விட்டுச் சொன்னதுதான் இது. அவர் சொல்லாமல் விட்டதை எங்கள் தெரு எல்லம்மாள் சொன்னார். செண்பகத்துக்குத் தழை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தவர் எல்லம்மாள்.

சைதூன் பிறந்தது கருங்குழியில். அவருடைய அத்தா சந்தைக்குச் சந்தை வளையல் சுமந்து விற்றவர். ஹமீதோ ஒரு ஜமீனில் பரம்பரைப் பாகன். கல்யாணமான மறுநாள் ஹமீது புது மனைவியை யானையிடம் கூட்டிக்கொண்டு போனார். செண்பகம் தும்பிக்கையை நீட்டி, மருதாணி வைத்த கைகளை நெடுநேரம் முகர்ந்தது. சைதூன் முதலில் கத்தினார், பிறகு சிரித்தார். அதற்குப் பிறகுதான் ஹமீது யானையின் காதை விலக்கிக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த சதை.

"யா அல்லா! யாரு பண்ணதுங்க இது?"

"நான்தான். மொதல்ல எங்க அத்தா பண்ணது. அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சதும் நான்."

"எதுக்கு?"

"இன்னா கேக்குற? அது மேல ஏறிக் குந்திகினு போறேனே, அதுக்கு நான் ஒரு ஈ மாதிரி. ஈ சொன்னா யானை கேக்குமா? அங்குசத்த அந்த எடத்துல வச்சா கேக்கும். புண்ணு கீதுன்னாதான் அங்குசத்துக்கு மருவாதி."

"வலிக்காதா?"

"வலிக்கணும்னுதானே வச்சிகினு கீறோம்." சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

ஹமீது பொல்லாதவர் அல்ல. யானை தின்று முடிக்காமல் அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை. ஆனால் அதே ஜமீனில் இன்னொரு பாகனை அவனுடைய யானை சுவரோடு வைத்து நசுக்கியதைச் சின்ன வயதில் பார்த்திருந்தார். அந்த யானைக்குப் புண் கிடையாது, ஆற விட்டுவிட்டார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஹமீது அந்தச் சுவரில் கொண்டு வந்து முடிப்பார்.

பொருக்குத் தட்டும்போதெல்லாம் ஹமீது அங்குசத்தின் நுனியால் அதைப் பெயர்த்துவிடுவார். அன்று சாயங்காலம் சைதூன் வேப்பெண்ணெயில் மஞ்சளும் கற்பூரமும் குழைத்துக்கொண்டு போவார். ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால் யானையே போய்விடும். கிண்ணத்தின் வாசனை வந்ததுமே செண்பகம் தலையைத் தாழ்த்தி, இடது காதை மட்டும் முன்னால் தள்ளி, எண்ணெய் போடுவதற்கு வாகாக நிற்கும். போட்டு முடித்ததும் நீளமாக ஒரு மூச்சு விடும். அந்த மூச்சின் சூடு தோளில் படுகிற வரைக்கும் சைதூன் நகர மாட்டார்.

"அவரு தொறப்பாரு, நான் மூடுவேன். மறுபடியும் தொறப்பாரு. இப்பிடியே எங்க காலம் ஓடிச்சி," என்றார் என்னிடம்.

ஜமீன்கள் ஒழிந்தபோது குதிரை, வண்டி, பல்லக்கு எல்லாம் போன வழியில் செண்பகமும் போயிற்று. வாங்கியவர் செங்கற்பட்டு மரவாடி அப்துல் சுபஹான் சாயபு. யானையோடு ஹமீதும் சைதூனும் வந்தார்கள். மரவாடியில் கட்டை இழுக்கும் வேலை. ஆனால் யானையைக் கண்டு ஜட்கா குதிரைகள் மிரள்கின்றன என்று வண்டிக்காரர்கள் தினமும் சண்டைக்கு வந்தார்கள். அதனால் வேலையில்லாத நாட்களில் செண்பகம் சதுரங்கப்பட்டினத்தில் கிடந்தது. டச்சுக் கோட்டை மதிலை ஒட்டி நின்ற புன்னை மரத்தில் கட்டு. குளிப்பதற்குக் கால்வாய். குடிநீருக்குத்தான் பாடு. கோட்டைக் கிணறு உப்பு என்பதால் சைதூன் தூரத்துக் கிணற்றிலிருந்து சுமந்தார்.

செண்பகம் திருக்கழுக்குன்றம் திருவிழாவுக்குப் போகும். தர்கா சந்தனக்கூட்டுக்குப் போகும். தேர்தல் வந்த வருடம் ஒரே வாரத்தில் இரண்டு கட்சிக் கொடிகளைச் சுமந்தது. எந்தச் சாமி, எந்தக் கட்சி என்பது செண்பகத்துக்குக் கிடையாது, வெடிச் சத்தம் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரத்துக்கு நடத்திப் போய்ப் பல்லவர்கள் செதுக்கிய கல் யானைக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உச்சி வெயிலில் மணல் கொதிக்கும். செண்பகம் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நிற்கும். பார்க்கிறவர்கள் அது ஆடுகிறது என்று கை தட்டுவார்கள்.

ஒரு தடவை சர்க்கஸ் கம்பெனிக்காரர் ஒருவர் செண்பகத்தை விலை பேச வந்தார். மலையாளம் கலந்த தமிழ், கழுத்தில் மப்ளர். சுபஹான் சாயபு பக்கத்தில் நின்றார். வந்தவர் நகங்களைப் பார்த்தார், வால் மயிரைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தார். எல்லாம் திருப்தி. கடைசியில் காதை விலக்கினார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது வேண்டாம், சாயபே. கூடாரத்தில் முன்வரிசைக்காரன் மூக்குக்கு நேரே நிற்கிற மிருகமாக்கும். புண்ணைக் காட்டினால் நாளைக்கு எவன் டிக்கெட் எடுக்கும்?"

அவர் போனதும் சாயபு ஹமீதிடம் பாய்ந்தார். "அத்த ஆத்தித் தொலையேன்டா!"

"ஆத்திடலாம், மொதலாளி. அப்பால மேல ஏறிக் குந்தறதுக்கு நீங்கதான் வரணும்," என்றார் ஹமீது.

சாயபு வண்டியேறிப் போய்விட்டார். சைதூன் அன்று மாலை வழக்கம்போல எண்ணெய் குழைத்தார். அந்தப் புண்தான் செண்பகத்தை அந்த மரத்தடியில் வைத்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்டதற்கு, "மாவு புளிச்சிகினு போவுது, எழுந்திரு," என்றார்.

பிறகு ஒரு மழைக்கால முடிவில் மரவாடியில் கட்டை உருண்டு ஹமீதின் இடுப்பு முறிந்தது. செங்கற்பட்டு ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டிப் படுக்க வைத்துவிட்டார்கள். யானையின் தவறு அதில் எதுவும் இல்லை. சைதூன் தனியாகச் செண்பகத்தைப் பார்த்துக்கொண்டார். ஹமீதிடமிருந்து ஆள் மேல் ஆளாக ஒரே சேதி வந்தது: புண்ணை ஆற விட்டுவிடாதே.

பொருக்குத் தட்டியது. சைதூன் அங்குசத்தை எடுத்துப் பார்த்தார், திரும்பவும் கூரையில் செருகினார். நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார். எண்ணெய் மட்டும் போட்டுக்கொண்டு வந்தார். மெல்ல மெல்லப் பொருக்கு தானாக உதிர்ந்து, அடியில் குழந்தையின் உதடு மாதிரி இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. தொட்டால் செண்பகம் சுருங்கவில்லை. அன்று எல்லம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாராம்.

"நல்லாத்தான் கீது. ஆனா பாயம்மா, இனிமே அது உன் பேச்ச கேக்குமா?" என்றார் எல்லம்மாள்.

"அது எப்போ என் பேச்ச கேட்டுது? நான்தான் அது பேச்ச கேட்டுகினு கீறேன்."

உண்மையும் அதுதான். சங்கிலியை அவிழ்த்து முன்னால் நடந்தால் செண்பகம் பின்னால் வரும். கால்வாயில் இறங்கினால் அதற்குத் தோன்றுகிறபோதுதான் ஏறும். சைதூன் கரையில் உட்கார்ந்திருப்பார். விறகு ஏற்றிப் போகும் படகுக்காரர்கள் வழி விடச் சொல்லிக் கத்துவார்கள்.

"யம்மா! உன் யானைய நவுத்துமா!"

"அதாண்ட சொல்லு, நைனா. எனக்குத் தெரிஞ்ச பாஷைல எல்லாம் சொல்லிட்டேன்."

ஒரு நாள் வழியில் ஒரு தர்பூசணிக் கொல்லையைக் கண்டது. நேராக உள்ளே போய் நிதானமாகத் தின்றது. சைதூன் கெஞ்சினார், அழுதார், வாலைப் பிடித்துக்கூட இழுத்தார். கொல்லைக்காரர் தடியோடு ஓடி வந்து, யானையைப் பார்த்துத் தடியைக் கீழே போட்டுவிட்டுச் சைதூனைத் திட்டினார். அந்தக் கொல்லையில் ஒரு பிள்ளை குறுக்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவெல்லாம் நினைத்தாராம். ஹமீது சொல்லும் அந்தச் சுவரும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் காலையில் அங்குசத்தை எடுக்கவில்லை.

கொல்லைக்காரரின் வழக்கு சாயபுவிடம் போனது. பாகனும் இல்லை, வேலையும் இல்லை, வம்பு மட்டும் வருகிறது. சாயபு சர்க்கஸ்காரருக்குத் தந்தி அடித்துவிட்டார். சேதி கேட்டுச் சைதூன் செங்கற்பட்டுக்கு ஓடினார்.

கட்டிலில் கிடந்த ஹமீதின் முதல் கேள்வியே, "புண்ணு எப்பிடி கீது?"

"ஆறிடுச்சி."

ஹமீது தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "எவ்ளோ?"

"முழுசா. தோலு மூடிகிச்சி."

"அடிப்பாவி. அன்னிக்கி அந்த ஆளு எத்த பாத்துட்டு வேணாம்னு போனான்? மறந்துட்டியா? அந்தப் புண்ண பாத்துட்டுதானேடி போனான்!"

அப்போதுதான் சைதூனுக்கு எல்லாம் விளங்கியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்குன்னுதான் வச்சிகினு இருந்தீங்களா?"

"எதுக்கோ வச்சேன். உசுருக்கு பயந்தும்தான். அது நம்மகிட்டயே இருக்கட்டும்னும்தான். இப்போ அதுவா பேச்சு? அவன் நாளன்னிக்கி வரான். போயி ஒரே ஒரு கீறு கீறு. ஆழமா வேணாம். ரத்தம் தெரிஞ்சா போதும், பூடுவான்."

"நானா?"

"எழுந்திரிக்க முடிஞ்சா நான் வரமாட்டேனா, சைதூன்?" என்று ஹமீது அழுதார். அவர் அழுது சைதூன் அதற்கு முன் பார்த்ததில்லை.

சர்க்கஸ்காரர் வருகிற அன்று காலையில் சைதூன் கூரையிலிருந்து அங்குசத்தை உருவிக்கொண்டு புன்னை மரத்தடிக்குப் போனார். கீறினால் செண்பகம் இருக்கும். தண்ணீர் சுமக்கலாம், களி கிண்டலாம், மாலையில் எண்ணெய் போடலாம். கீறாவிட்டால் போய்விடும். அங்கே வளையத்துக்குள் ஸ்டூல் மேல் உட்கார வைப்பார்கள். இரண்டையும் எத்தனையோ தடவை மனதுக்குள் எடை போட்டுவிட்டுத்தான் போனார். கீறிவிடுவது என்றுதான் போனார்.

அவரைக் கண்டதும் செண்பகம் தலையைத் தாழ்த்தி, இடது காதை முன்னால் தள்ளி நின்றது. எண்ணெய் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டது.

சைதூன் அப்படியே மதில் கல்லில் உட்கார்ந்துவிட்டார். தழைக்கட்டோடு வந்த எல்லம்மாள் அங்குசத்தையும் பார்த்தார், அவர் முகத்தையும் பார்த்தார்.

"இன்னா, குந்திகினு கீற? கீறிட்டியா இல்லியா?"

"நீ கீறேன், எல்லம்மா."

"ஆங்! நல்லா சொன்ன! உங்க வூட்டுக்காரரு காலம் பூரா கீறுனாரு, நீ பக்கத்துல நின்னுகினு பாத்த. இப்போ என் தலைல கட்றியா?"

"பாத்துகினு நிக்கல. எண்ண போட்டேன்."

"ஆமா, போட்ட. எதுக்குப் போட்ட? மறுநாளு மறுபடியும் கீறறதுக்குத்தானே?"

சைதூன் அங்குசத்தைக் கீழே வைத்தார். எல்லம்மாளுக்குத்தான் மனது கேட்காமல், சற்று நின்று, "இரு, வரேன்," என்று கடற்கரைப் பக்கம் ஓடினார். திரும்பி வந்தபோது மடி நிறைய மீன் செவுள். கல்லில் வைத்து நசுக்கி, மஞ்சளைக் கலந்து, ரத்தச் சிவப்பாக ஒரு குழம்பு செய்தார்கள். செண்பகம் மறுபடியும் காதைத் தள்ளிக் கொடுத்தது. சைதூன் பூசினார். எட்ட நின்று பார்த்தால் பழைய புண்ணேதான். ஈயும் வந்துவிட்டது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததாக எல்லம்மாள் சொன்னார். சைதூன் இந்தச் சிரிப்பைச் சொல்லவில்லை.

சர்க்கஸ்காரர் வந்து காதை விலக்கினார். முகம் சுளித்தார். பிறகு குனிந்து முகர்ந்தார். கைக்குட்டையை எடுத்து ஒரே இழுப்பாகத் துடைத்தார். அடியில் புதுத் தோல் பளபளவென்று இருந்தது.

"யானைக்கு எப்போழுது செவுள் முளைச்சது, பாயம்மா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மீன் குழம்பு நன்னாய் வைப்பீங்கபோல!"

சாயபு சிரிக்கவில்லை. சைதூனைப் பார்த்து, "வெக்கமா இல்ல?" என்று மட்டும் கேட்டார். விலை அங்கேயே முடிந்தது.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியின் பாகன் வந்தான். முகத்தில் மீசைகூடச் சரியாக வராதவன், யார் மேலும் கோபமில்லாதவன். செங்கற்பட்டு ரயிலடிக்கு நடத்திப் போக வேண்டும். சைதூன் கூடவே நடந்தார். கால்வாய்ப் பாலம் வரைக்கும் செண்பகம் எப்போதும்போல அவர் பின்னால் வந்தது. பாலத்தடியில் தண்ணீரைக் கண்டதும் இறங்கப் பார்த்தது. குளிக்கிற நேரம் அது. மேலே இருந்தவன் ஏதோ சொன்னான். அது கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னான். பிறகு, எல்லாப் பாகன்களுக்கும் எப்படித்தான் அந்த இடம் தெரியுமோ, அங்குசத்தைக் காதுக்குப் பின்னால் வைத்து ஒரு சுண்டு சுண்டினான். புதுத் தோல் கிழிந்தது. செண்பகம் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பாலத்தின் மேல் ஏறியது.

சைதூன் ஓடிப் போய் வழியை மறித்து நின்றார். வண்டிகள் நின்றன. எல்லோரும் அவர் ஏதோ சண்டை போடப் போகிறார் என்று நினைத்தார்கள். அவர் இடுப்பிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து மேலே நீட்டினார்.

"சாயங்காலம் போடு, நைனா. கற்பூரம் சேத்துகீது. தெனமும் போடணும். வாசன வந்தா அதுவே காத குடுக்கும்."

அவன் வாங்கி மடியில் செருகிக்கொண்டான். சரி என்று தலையாட்டினான். அவர் வழி விட்டார்.

ஹமீது இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். அதே மரவாடியில் காவல். மனைவியிடம் அந்த விஷயத்தை அவர் மறுபடியும் எடுத்ததில்லை. ஆனால் பஸ்ஸில் வெளியூர்க்காரர் யார் வந்து ஆப்பம் வாங்கினாலும், உங்கள் ஊருக்கு சர்க்கஸ் வந்ததா என்று சைதூன் கேட்கிறார். வந்தது என்று சொன்னவர்களும் உண்டு. யானையின் காதுக்குப் பின்னால் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

ஒரு காலையில் கூட்டம் குறைந்ததும் நான் கேட்டேன்: "பாயம்மா, அன்னிக்குக் கீறியிருந்தா?"

"கீறியிருந்தா இங்க இருக்கும். இன்னிக்கும் கீறிகினு இருப்போம்." தணலைக் கிளறினார். "காட்டுலேருந்து புடிச்சாங்களே, தப்பு அன்னிக்கே நடந்துபோச்சி. அப்பால நாங்க பண்ணதெல்லாம் எண்ண போட்டதுதான். காட்டுக்கு ஓட்டிகினு போயி வுட்ருக்கலாமேன்னு உங்க அப்பா ஒரு தபா கேட்டாரு. எந்தக் காடு? அதுக்கு என்னிய தெரியும், அந்தப் புன்ன மரத்த தெரியும். வேற இன்னா தெரியும்?"

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீதான் அஸ்ஸாமெல்லாம் சுத்திகினு வந்தியே. அங்க யானைங்க கீதா?"

"நிறைய. மரம் இழுக்கும்."

"காதுக்குப் பின்னால பாத்தியா?"

பார்த்திருக்கிறேன். ஆற்றங்கரையில் வரிசையாகக் கட்டியிருந்தவற்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறேன். அது எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. "இருந்துது, பாயம்மா. எல்லாத்துக்குமே இருந்துது."

"எல்லாத்துக்குமா?"

"நான் பாத்த எல்லாத்துக்கும்."

அவர் சட்டியிலிருந்த ஆப்பத்தை எடுக்க மறந்தார். விளிம்பு கருகியது.

"எண்ண போட்டிருந்தாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "சிலதுக்குப் போட்டிருந்தாங்க. மஞ்சளா தெரிஞ்சுது."

"சிலதுக்கு," என்றார். கருகியதை எடுத்து ஓரமாகப் போட்டார். அடுத்த பஸ் வந்துகொண்டிருந்தது. கரண்டியால் மாவை அள்ளிச் சட்டியில் ஊற்றினார்.